சர்க்கரை நோயால் வரும் கால் எரிச்சலுக்கு மூலிகை: எதை முதலில், எதைப் பிறகு, எதைத் தொடவே கூடாது

பத்து மணிக்குப் படுத்தால் பன்னிரண்டு மணிக்கு உள்ளங்கால் தீப்பிடித்த மாதிரி எரியும். போர்வை பட்டாலே கூசும். எழுந்து போய்ச் சிமெண்டுத் தரையில் காலை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்தால்தான் கொஞ்சம் அடங்கும். என் அம்மா அப்படி ஏறக்குறைய ஒரு வருடம் உட்கார்ந்திருந்தார். அம்மாவைப் பார்த்துக்கொண்டதில் தெரிந்துகொண்டதும், பிறகு தெருவிலும் சொந்தத்திலும் ஏழெட்டுப் பேருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்ததும் சேர்ந்ததுதான் இந்த வழிகாட்டி.

நான் மருத்துவர் இல்லை. மருத்துவரிடம் கேட்க வேண்டியதை அந்தந்த இடத்திலேயே சொல்லியிருக்கிறேன். எல்லாரும் தடுக்கி விழுவது ஒரே இடத்தில்தான்: எடுத்த எடுப்பில் மூலிகையில் ஆரம்பிக்கிறார்கள். இந்த வரிசையில் மூலிகை ஆறாவது படி. முதல் ஐந்தைத் தாண்டிக் குதித்தவர்களுக்குத்தான் காலில் புண்ணும், நடு ராத்திரியில் சுகர் இறங்கி மயக்கமும் வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. கெட்டுப்போன நரம்பை எந்த மூலிகையும் திரும்ப முளைக்க வைப்பதில்லை. எரிச்சலைக் குறைத்து ராத்திரித் தூக்கத்தை மீட்பதுதான் நாம் எதிர்பார்க்கக்கூடியது. அதுவே பெரிய விஷயம்.

1. இது சர்க்கரை நரம்பு வலிதானா என்று பாருங்கள்

சர்க்கரையால் வரும் நரம்பு வலி பெரும்பாலும் இரண்டு காலிலும் ஒரே மாதிரி வரும். விரல் நுனியில் ஆரம்பித்துக் காலுறை போட்ட அளவுக்கு மெல்ல மேலே ஏறும். எரிச்சல், ஊசி குத்தல், கரண்ட் அடித்த மாதிரி சுண்டல், பஞ்சின் மேல் நடப்பது போன்ற மதமதப்பு, இவை கலந்து வரும். ராத்திரியில் அதிகமாகும்.

ஒரு காலில் மட்டும் வலி, இடுப்பிலிருந்து இறங்குகிற வலி, நடந்தால் கெண்டைக்கால் இறுக்கிப் பிடித்து, நின்றால் விட்டுவிடுகிற வலி, தொடை மெலிந்துகொண்டே வருவது, இதெல்லாம் வேறு கதை. முதுகுத் தண்டாக இருக்கலாம், ரத்த ஓட்டமாக இருக்கலாம். அதற்கு எரிச்சல் களிம்பு தடவிக்கொண்டிருந்தால் நாள்தான் வீணாகும்.

சமீபத்தில் இன்சுலின் ஆரம்பித்து சுகர் மளமளவென்று இறங்கியதா? எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சுகரைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) மூன்று மாதத்துக்குள் 2 புள்ளிக்கு மேல் குறைந்தால், அதனாலேயே சிலருக்குப் புதிதாக எரிச்சல் கிளம்பும். "ஊசி போட்டதால்தான் வந்தது" என்று ஊசியை நிறுத்திவிடுவார்கள். நிறுத்தக் கூடாது. மருத்துவரிடம் சொன்னால் வேகத்தைச் சரிசெய்வார்.

2. நான்கு ரத்தப் பரிசோதனை, ஒரு சிறுநீர்ப் பரிசோதனை

எச்பிஏ1சி, வைட்டமின் பி12, கிரியாட்டினின், தைராய்டு (டிஎஸ்எச்). கூடவே சிறுநீரில் அல்புமின். இதை முதலில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது.

சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினைப் பல வருடம் சாப்பிட்டால் உடலில் பி12 குறையலாம். பி12 குறைந்தாலும் இதே எரிச்சல், இதே மதமதப்பு வரும். சைவச் சாப்பாடு என்றால் வாய்ப்பு இன்னும் கூடுதல். என் அம்மா பதினாறு வருடமாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர். பி12 பார்த்தபோது மிகவும் குறைவு. ஊசி போட ஆரம்பித்த பிறகுதான் மற்ற எதுவும் வேலை செய்யத் தொடங்கியது. அதற்கு முன் ஒரு வருடம் கண்ட எண்ணெயையும் தேய்த்தோமே என்று இன்றும் மனசு அடித்துக்கொள்கிறது.

கிரியாட்டினின் எதற்கு என்றால், உள்ளுக்குச் சாப்பிடும் மூலிகை எதுவும் சிறுநீரகத்தின் நிலை தெரியாமல் ஆரம்பிக்கக் கூடாது. இது 7-ஆம் படிக்குத் தேவைப்படும்.

3. காலில் உணர்ச்சி எவ்வளவு மிச்சம் இருக்கிறது

இந்தப் படியைத் தாண்டாமல் காலில் எதையும் தடவாதீர்கள். எரிகிற காலுக்கு உணர்ச்சி நன்றாக இருக்கிறது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை. எரியவும் எரியும், சூடு பட்டால் தெரியாமலும் போகும். இரண்டும் ஒரே காலில் நடக்கும்.

இங்கிலாந்தின் இப்ஸ்விச் மருத்துவமனைக் குழுவினர் 2011-இல் வெளியிட்ட ஒரு எளிய முறை இருக்கிறது. கருவி வேண்டாம், ஒரு விரல் போதும். நோயாளியைப் படுக்கவைத்துக் கண்ணை மூடச் சொல்லுங்கள். தொட்டது தெரிந்தால் "வலது" அல்லது "இடது" என்று சொல்ல வேண்டும். உங்கள் ஆள்காட்டி விரல் நுனியால் வலது கட்டைவிரல் நுனி, வலது சுண்டுவிரல் நுனி, இடது கட்டைவிரல், இடது சுண்டுவிரல், பிறகு வலது நடுவிரல், இடது நடுவிரல் என்று ஆறு இடத்தில் ஒன்றிரண்டு வினாடி தொடுங்கள். பூ வைக்கிற மாதிரி மெதுவாக. அழுத்தாதீர்கள், தட்டாதீர்கள், வருடாதீர்கள்.

இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட இடம் தெரியவில்லை என்றால் உணர்ச்சி குறைந்துவிட்டது என்று பொருள். பதில் வராத விரலை மறுபடி தொட்டுப் பார்க்கக் கூடாது. புதிதாகச் செய்பவர்கள் பாசத்தில் இதைத்தான் தப்பாகச் செய்கிறார்கள். "இப்போ தெரியுதா, இப்போ?" என்று அழுத்திக்கொண்டே போனால் யாருக்கும் தெரியத்தான் செய்யும்.

உணர்ச்சி குறைவாக இருந்தால் கால் பரிசோதனைக்கு மருத்துவரிடம் காட்டிவிட்டு மேலே வாருங்கள்.

4. செய்யவே கூடாதவை

இதைக் கடைசியில் வைத்தால் அங்கே வருவதற்குள் யாராவது வாணலியை அடுப்பில் வைத்துவிடுவார்கள். அதனால் இங்கேயே.

உப்பு ஒத்தடம், தவிட்டு ஒத்தடம், செங்கல் ஒத்தடம், சுடுநீரில் கால் ஊறவைப்பது, ஹாட் பேக், எதுவும் வேண்டாம். ஒரு நாள் கல் உப்பை வறுத்துத் துணியில் முடிந்து அம்மாவின் பாதத்தில் ஒற்றினேன். "இதமா இருக்கு, இன்னும் கொஞ்சம் வை" என்றார். வைத்தேன். காலையில் பார்த்தால் இடது சுண்டுவிரலுக்குக் கீழே புளியங்கொட்டை அளவுக்கு நீர் கோத்த கொப்புளம். அவருக்கு வலிக்கவே இல்லை. நான் பார்க்காமல் இருந்திருந்தால் செருப்பில் உரசி உடைந்திருக்கும். அது ஆற ஐந்து வாரம் ஆயிற்று.

எருக்கிலையை உள்ளங்காலில் வைத்துக் காலுறை போட்டுக்கொண்டால் சுகர் இறங்கும் என்று கைபேசியில் சுற்றுகிறது. எருக்கம்பால் தோலைப் புண்ணாக்கும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

பச்சைப் பூண்டை அரைத்துக் கட்டுவது, சுண்ணாம்பு தடவுவது, சித்திரமூலம் எனப்படும் கொடிவேலி வேர் அரைப்பு, இவை மூன்றும் தோலைச் சுட்டுவிடும். ஆணிக்கால் பிளாஸ்டரும் அப்படித்தான். அதில் இருக்கும் அமிலத்துக்கு ஆணி எது, நல்ல தோல் எது என்று தெரியாது.

வெறும் காலோடு மண்ணிலும் கூழாங்கல்லிலும் நடப்பதும் உணர்ச்சி குறைந்த காலுக்கு ஆகாது.

5. ஏழு நாள் கணக்கு எழுதுங்கள்

மருந்து எதையும் புதிதாகத் தொடங்காமல், ஒரு நோட்டில் ஏழு நாள் எழுதுங்கள். தினமும் படுக்கப் போகும்போது எரிச்சலுக்கு 0 முதல் 10 வரை ஒரு எண். ராத்திரி எத்தனை முறை எழுந்தார்கள். வெறும் வயிற்றுச் சுகர். அவ்வளவுதான்.

எரிச்சல் ஒரே அளவில் இருப்பதில்லை, தானே ஏறி இறங்கும். மோசமான வாரத்தில் ஒரு தைலம் வாங்கினால் அடுத்த வாரம் இயல்பாகவே குறைந்திருக்கும், பெயர் தைலத்துக்குப் போய்விடும். முன்கணக்கு இருந்தால்தான் எது உதவியது என்று தெரியும். வலி மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் அது உண்மையான பலன் என்று எடுத்துக்கொள்ளலாம். 8 என்று இருந்தது 5 ஆனால் நல்லது. 8 என்று இருந்தது 7 ஆனால் இன்னும் ஒன்றும் ஆகவில்லை.

இந்த ஏழு நாளில் மருத்துவர் ஏற்கெனவே கொடுத்த மாத்திரைகள் அப்படியே தொடரட்டும். பிரிகாபலின், காபாபென்டின், டுலாக்செடின், அமிட்ரிப்டிலின் ஆகியவைதான் வழக்கமாக இந்த வலிக்குத் தருவது. இவற்றைச் சட்டென்று நிறுத்தினால் தூக்கம் கெட்டு, படபடப்பு வந்து, வலியும் கூடும். மூலிகை ஆரம்பிக்கிறோம் என்பதற்காக இதை நிறுத்துவது நான் அதிகமாகப் பார்த்த தவறு.

6. முதலில் வெளிப்பூச்சு

உள்ளுக்குச் சாப்பிடுவதற்கு முன் வெளியே தடவுவதைப் பாருங்கள். மாத்திரைகளோடு மோதாது, சுகரை இறக்காது, ஒத்துக்கொள்ளாவிட்டால் நிறுத்திவிடலாம்.

மிளகாய்ச் சத்துக் களிம்பு: செடியிலிருந்து வந்தவற்றில் இந்த வலிக்கு நல்ல ஆதாரம் இருப்பது மிளகாயின் காரச் சத்தான கேப்சைசினுக்குத்தான். வலியைக் கடத்தும் மெல்லிய நரம்பு நுனிகளை அது முதலில் தூண்டிவிடும், திரும்பத் திரும்பத் தடவும்போது அவை அடங்கிப்போகும். மருந்துக்கடையில் 0.025%, 0.075% என்ற அளவுகளில் களிம்பாகக் கிடைக்கும். சர்க்கரைக் கால் எரிச்சலுக்கு ஆராய்ச்சிகளில் அதிகம் பார்த்தது 0.075%, ஒரு நாளைக்கு நான்கு முறை. 8% கேப்சைசின் உள்ள, தோலில் ஒட்டும் பட்டை (பேட்ச்) ஒன்றும் உண்டு. அமெரிக்காவில் 2020-இல் சர்க்கரைப் பாத வலிக்கு அனுமதி கொடுத்தார்கள். ஆனால் அது மருத்துவமனையில் வைத்து ஒட்ட வேண்டியது.

மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இப்படிச் செய்யுங்கள். கால் முழுதும் ஒரு கீறல்கூட இல்லை என்று வெளிச்சத்தில் பாருங்கள். கையில் பாலிதீன் உறை மாட்டிக்கொள்ளுங்கள். ஒரு பட்டாணி அளவு எடுத்து, எரிகிற இடத்தில் மட்டும், ஈரம் காய்கிற மாதிரி மெல்லிசாகத் தடவுங்கள். விரல் இடுக்கில் வேண்டாம். குளித்த உடனேயும், குளிக்கப் போவதற்கு முன்னும் தடவாதீர்கள், சூடும் ஈரமும் காரத்தைக் கிளப்பிவிடும். கையில் பட்டுவிட்டால் முதலில் சமையல் எண்ணெய் தேய்த்துத் துடைத்து, அப்புறம் சோப்புப் போடுங்கள். காரம் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். வீட்டில் பேரப்பிள்ளைகள் இருந்தால் தடவிய காலோடு தூக்கிக் கொஞ்ச வேண்டாம்.

முதல் வாரம் எரிச்சல் கூடத்தான் செய்யும். இங்கேதான் பாதிப் பேர் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். கூடுகிற எரிச்சல் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தால் சரியான பாதையில் இருக்கிறீர்கள். கொப்புளமோ சிவந்த தடிப்போ வந்தால் நிறுத்திவிடுங்கள். ஒரு நாள் தடவி இரண்டு நாள் விட்டால் பலனே வராது, நரம்பு நுனி மறுபடி விழித்துக்கொள்ளும். நான்காவது வாரம் நோட்டைப் பாருங்கள். எட்டு வாரத்திலும் மாற்றமில்லை என்றால் உங்கள் காலுக்கு அது உதவாது.

வெறும் மதமதப்பு மட்டும் இருந்து எரிச்சலே இல்லை என்றால் இந்தக் களிம்பு வேண்டாம். வீட்டு மிளகாயை எண்ணெயில் காய்ச்சித் தடவுவதும் வேண்டாம். காரம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

தைலம்: களிம்பு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு, அல்லது எட்டு வாரம் முடிந்தவர்களுக்கு. நல்லெண்ணெயில் நன்னாரி, மஞ்சிட்டி, தேன்மெழுகு எல்லாம் சேர்த்துக் காய்ச்சும் பிண்ட தைலத்தை ஆயுர்வேதத்தில் எரிச்சலுக்குத் தருவார்கள். சித்த மருத்துவத்தில் வாதகேசரித் தைலம் போன்றவை உண்டு. கேப்சைசினுக்கு இருக்கிற அளவு ஆதாரம் இவற்றுக்கு இல்லை. ஆனால் மெதுவாக நீவிவிடுவதில் கிடைக்கும் இதம் உண்மைதான். அம்மாவுக்கு அந்தப் பத்து நிமிடம் பிடித்திருந்தது.

எண்ணெய் கையில் வைத்தால் சூடே தெரியக் கூடாது. அடுப்பில் வைக்க வேண்டாம். நீவுபவர் நோயாளியாக இருக்கக் கூடாது, உணர்ச்சி உள்ள இன்னொருவர் கை வேண்டும். பத்து நிமிடம் கழித்து, விரல் இடுக்கு உட்பட, பருத்தித் துணியால் துடைத்துவிடுங்கள். இடுக்கில் எண்ணெய் தங்கினால் சேற்றுப்புண் வரும். டைல்ஸ் தரையில் எண்ணெய்க் காலோடு பாத்ரூமுக்குப் போய் இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டவர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார். எட்டிக்கொட்டை சேர்ந்த தைலங்களைப் புண் உள்ள காலில் தொடவே கூடாது, அது விஷம்.

களிம்பையும் தைலத்தையும் ஒரே நேரத்தில் ஆரம்பிக்காதீர்கள். எது வேலை செய்தது, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரியாமல் போகும்.

7. உள்ளுக்குச் சாப்பிடுவது

ஒன்றைத் தெளிவாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வெந்தயம், பாகற்காய், சிறுகுறிஞ்சான், நாவல்கொட்டைப் பொடி, ஆவாரைக் குடிநீர், இதெல்லாம் சுகருக்காகச் சாப்பிடுவது, வலிக்கு மருந்து அல்ல. சுகர் சீரானால் நரம்பு மேற்கொண்டு கெடுவது குறையும், அவ்வளவே.

இவற்றைக் கிளிமிபிரைடு போன்ற சுகர் இறக்கும் மாத்திரையோடோ இன்சுலினோடோ சேர்த்தால் சுகர் சட்டென்று இறங்கலாம். எங்கள் அத்தை காலையில் வெந்தயப் பொடி, மதியம் பாகற்காய்ச் சாறு, ராத்திரி சிறுகுறிஞ்சான் என்று மூன்றையும் ஒரே வாரத்தில் ஆரம்பித்தார். நான்காம் நாள் அதிகாலையில் வியர்த்துக் கொட்டி, நாக்குக் குழறி, சுகர் 52. ஒன்று மட்டும், குறைந்த அளவில், மருத்துவருக்குத் தெரிந்து ஆரம்பியுங்கள். முதல் இரண்டு வாரம் வெறும் வயிற்றிலும் சாப்பிட்டு இரண்டு மணி நேரத்திலும் சுகர் பாருங்கள். 70-க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடத்தில் மறுபடி பாருங்கள். விழுங்க முடியாத நிலை என்றால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

"நரம்புத் தளர்ச்சிக்கு" என்று அமுக்கரா (அஸ்வகந்தா) சூரணம் வாங்குவார்கள். அதன் மரபான செய்முறையில் சர்க்கரை சேர்ப்பது உண்டு, அட்டையைப் படியுங்கள். அமுக்கரா தூக்கத்தைக் கூட்டும், பிரிகாபலினும் கூட்டும். இரண்டும் சேர்ந்தால் ராத்திரி எழுந்து நடக்கும்போது தள்ளாட்டம். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கேட்காமல் தொட வேண்டாம். லேகியங்களில் வெல்லம், புளிக்கவைத்துச் செய்யும் அரிஷ்டங்களில் வெல்லத்தோடு கொஞ்சம் மதுச்சாரமும் இருக்கும்.

அதிமதுரம் ரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தைக் குறைக்கும். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கு மஞ்சள் மாத்திரையும் பூண்டு மாத்திரையும் ரத்தக் கசிவைக் கூட்டலாம். குழம்பில் போடுகிற அளவுக்குப் பயம் இல்லை, நான் சொல்வது செறிவான மாத்திரையை. சீந்தில் பற்றி ஒரு எச்சரிக்கை: கொரோனா காலத்தில் சீந்தில் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதாக மும்பை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள், ஆயுஷ் அமைச்சகம் அதை ஏற்கவில்லை. வலிக்கு அவசியமே இல்லாத ஒன்றில் அந்த ஆபத்து எதற்கு என்பது என் கருத்து.

பற்பம், செந்தூரம் போன்ற, புடம்போட்டுப் பொடியாக்கிய மருந்துகளை நீங்களாக வாங்கிச் சாப்பிடவே கூடாது. பல பற்ப செந்தூரங்கள் உலோகம், பாதரசம், பாஷாணம் சேர்ந்தவை. பாஷாணங்கள் சிலவற்றில் இருக்கும் ஆர்சனிக் உடலில் சேர்ந்தால் வருவதும் உள்ளங்கால் எரிச்சல்தான். நோயும் மருந்தும் ஒரே முகத்தோடு வந்தால் யார் கண்டுபிடிப்பது?

8. வாங்கும்போது

அட்டையில் தயாரிப்பு உரிம எண், தொகுதி எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, சேர்மானங்களின் பட்டியல் எல்லாம் இருக்க வேண்டும். ஒன்று இல்லை என்றாலும் வேண்டாம். 2008-இல் அமெரிக்காவில் வெளியான ஒரு ஆய்வில், இணையம் வழியே விற்ற 193 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்தபோது ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது.

பெயரில்லாத டப்பாப் பொடி இரண்டே நாளில் வலியை ஓட்டிவிட்டால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள். ஸ்டீராய்டு கலந்திருந்தால் அப்படித்தான் இருக்கும். கூடவே சுகர் ஏறும்.

தமிழ்நாட்டில் பல அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சித்த மருத்துவப் பிரிவு இருக்கிறது. சென்னையில் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் அரும்பாக்கத்தில் அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனையும், தெற்கே பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. போகும்போது எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய் மேசையில் கொட்டுங்கள். வாயால் சொன்னால் ஒன்று விட்டுப்போகும். அதேபோல் சர்க்கரை மருத்துவரிடம் போகும்போது மூலிகை டப்பாக்களையும் கொண்டுபோங்கள். திட்டுவார் என்று பயந்து மறைப்பவர்கள் அதிகம். அறுவைச் சிகிச்சை எதுவும் இருந்தால் இரண்டு வாரம் முன்பே சொல்லி மூலிகையை நிறுத்துங்கள்.

9. தினமும் ராத்திரி கால் பார்க்க வேண்டும்

மருந்து எதுவானாலும் இது நிற்கக் கூடாது. கீழே ஒரு கண்ணாடியை வைத்து உள்ளங்காலைப் பாருங்கள், அல்லது வீட்டில் ஒருவர் பார்க்கட்டும். விரல் இடுக்கு, குதிகால் வெடிப்பு, நகத்தின் ஓரம். செருப்பையும் கவிழ்த்துத் தட்டி உள்ளே கைவிட்டுப் பாருங்கள். அம்மாவின் செருப்பில் ஒரு நாள் தாழ்ப்பாள் திருகாணி ஒன்று கிடந்தது. அதன் மேலேயே காலையிலிருந்து நடந்திருக்கிறார்.

புண், நீர்க் கொப்புளம், கறுப்பு, துர்நாற்றம், காய்ச்சல், இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே மருத்துவமனை. ஒரு பாதம் மட்டும் வீங்கிச் சிவந்து, மற்றதைவிடச் சூடாக இருந்தால், வலி இல்லாவிட்டாலும், அந்தக் காலை ஊன்றாமல் உடனே போக வேண்டும். உள்ளே எலும்பு நொறுங்கிக்கொண்டிருக்கலாம். அந்தக் காலை எண்ணெய் போட்டு நீவாதீர்கள்.